பொலிகாளை பார்க்கப் போன வருடங்கள்

எங்கள் கிடாரி செத்துப்போன காலையில்தான் சொந்தமாக ஒரு பொலிகாளை வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு அது முதல் ஈற்று. கன்று வயிற்றுக்குள்ளேயே பெரிதாக வளர்ந்துவிட்டது. முன்னங்கால் இரண்டும் வெளியே வந்த பிறகு தலை வராமல் சிக்கிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்ததும் அவரும் என் கணவரும் கயிறு கட்டி இழுத்தார்கள். நான் கிடாரியின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கன்று உயிரில்லாமல் வந்தது. வெயில் ஏறுவதற்குள் தாயும் போய்விட்டது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "காளை யாருடையது?" என்று கேட்டார். பக்கத்துப் பண்ணைக் காளையை இரவல் வாங்கிப் பசுக்களோடு விடுகிறோம் என்றோம். "அது நல்ல காளைதான். ஆனால் வளர்ந்த பசுக்களுக்கு. கிடாரிகளுக்குச் சின்னக் கன்று போட வைக்கும் காளை வேண்டும்" என்றார். என் கணவர் கைகளில் ரத்தம் காயக் காய, கிடாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் இருவரும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். அவர் வீட்டில் மீன் வியாபாரம், என் வீட்டில் ஜவுளிக்கடை. மாடு வளர்த்தவர்கள் இரண்டு பக்கத்திலும் கிடையாது. டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்து, அவர் ஒரு டெலிகாம் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியராகவும், நான் ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாகவும் வேலை பார்த்தோம். அவருடைய ஆபீஸில் பலரும் செய்வதைப் பார்த்துத்தான் கிழக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃப்ரீவேயில் போகிற தூரத்தில் நிலம் வாங்கினோம். நிலத்தில் மாடு மேய்ந்தால் வரி குறையும். மற்றவர்கள் யாரிடமாவது மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு மறந்துபோனார்கள். இவருக்கு மறக்க முடியவில்லை. சனிக்கிழமை விடிகாலையில் பஜ்ர் தொழுததும் கிளம்பிவிடுவோம். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வருவாள். ஒன்று, இரண்டு என்று பசுக்களை வாங்கிச் சேர்த்தார். எல்லாம் இறைச்சிக்காக வளர்க்கிற கறுப்பு ஆங்கஸ். டெக்சாஸ் வெயிலைத் தாங்க வேண்டும் என்று நம் ஊர் திமில் மாட்டின் ரத்தம் கொஞ்சம் கலந்தவை. இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்போம். ஒன்றிரண்டை மட்டும் வளர்த்து, தெரிந்த ஹலால் கசாப்புக் கடைக்குக் கொடுப்போம்.

கிடாரி செத்த அடுத்த மாதம் அவர் வேலை பார்த்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. டாலஸ் சுற்றுவட்டாரத்தில் தேடித் தேடி ஒன்றும் அமையவில்லை. கடைசியில் நியூ ஜெர்சியில் ஒரு கான்ட்ராக்ட் வந்தது.

"ஒன் இயர்தான் புள்ள. அப்புறம் ரிமோட் குடுத்துருவாங்க" என்றார்.

நான் கூடப் போக முடியாது. மகள் ஹைஸ்கூலில் இருந்தாள். என் வேலை இருந்தது. மாடுகள் இருந்தன. அவர் எடிசனில் ஒரு வீட்டின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் ரயிலில் மன்ஹாட்டன் போய் வந்தார்.

எங்கள் பக்கத்தில் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். "மச்சான், சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பார். "குளிரா?" என்றால், "குளிர்தான்." அதோடு பேச்சு தீர்ந்துவிடும். நேரில் விடாமல் பேசுகிற மனிதர் அவர். நான் கத்தரிக்காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் சொல்வார். ஃபோனில் மட்டும் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பொலிகாளைதான் எங்களைப் பேச வைத்தது.

ஒருநாள் காலை ரயிலிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஒரு பசு வருஷத்துக்கு ஒரு கன்னுதான் குடுக்கும். காளை மந்தை முழுசுக்கும் குடுக்குது. அதனால நல்ல பசு வாங்குறதவிட நல்ல காளைல காசு போடணும். சும்மா சீப்பா கெடைக்குதுன்னு எதையும் புடிக்கக் கூடாது." பின்னணியில் அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. மறுநாள் குளம்பைப் பற்றி. அதற்கு அடுத்த நாள், காளை நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்கால் பதிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று. அப்படிப் பதிந்தால் மூட்டு நன்றாக இருக்கிறதாம், வருடக்கணக்கில் பசுக்களின் பின்னால் நடக்குமாம். நான் மருந்துக் கவுன்டரைத் திறப்பதற்கு முன்னால் காரில் உட்கார்ந்து இவற்றைக் கேட்பேன். குளம்பைப் பற்றிய செய்தியை அன்றைக்கு மட்டும் மூன்று நான்கு முறை போட்டுக் கேட்டிருப்பேன். குளம்பில் எனக்கு அத்தனை அக்கறை ஒன்றும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் காளை பார்க்கக் கிளம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரியும் கூட வந்தாள். என் வயதுதான். கணவனைப் பிரிந்து, தன் அப்பா விட்டுப்போன நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். அவள் டிரக்கை ஓட்ட, நான் மடியில் லெமன் சோறு டப்பாவை வைத்துக்கொண்டு, பண்ணை பண்ணையாகப் போனோம். ஒவ்வோர் இடத்திலும் அவருக்கு வீடியோ கால் போடுவேன்.

"நடக்க விடு. பின்னாடி இருந்து காட்டு. அய்யோ, வானத்தக் காட்டாத புள்ள."

"காளை நகருது மச்சான். நான் என்ன பண்ண?"

"சரி, அந்த மெஷர்மென்ட் கேளு."

விதைப்பையின் சுற்றளவைத்தான் கேட்கிறார். அது நன்றாக இருந்தால் காளைக்கு வீரியம் அதிகம். அதன் பெண் கன்றுகளும் சீக்கிரம் பருவத்துக்கு வரும். நான் பார்மசிஸ்ட், எனக்கு வெட்கம் கிடையாது. "விதைப்பையா மச்சான்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். ரயிலில் அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. அந்த ரயிலில் பாதிப் பேர் நம் ஆட்கள். திரையில் அவர் முகம் காணாமல் போய், ரயிலின் கூரை தெரிந்தது. யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவரே சிரித்தார். அவர் நியூ ஜெர்சிக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் முதல்முறையாகக் கேட்டது அன்றுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு பெரிய பண்ணையில் பொலிகாளை ஏலம். முன்கூட்டியே கேட்லாக் வந்துவிடும். ஒவ்வொரு காளைக்கும் அதன் கன்றுகள் எப்படி இருக்கும் என்று எண்களில் கணித்திருப்பார்கள். பிறக்கும்போது எடை எவ்வளவு இருக்கும், பால் மறக்கும் வயதில் எவ்வளவு ஏறியிருக்கும், பெண் கன்றுகள் தாயானால் பால் எப்படிச் சுரக்கும் என்றெல்லாம். இவர் எடிசன் அறையில் உட்கார்ந்து அத்தனையையும் படித்து, ஒரு காளையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கன்று சின்னதாகப் பிறக்கும், பிறகு கிடுகிடுவென்று வளரும். தாளில் அதற்கு இணை வேறில்லை.

ஏலத்தன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். காளைகளை அடைத்திருந்த பட்டிக்குள் இறங்கி நடக்க விடுவார்கள். அவர் சொன்ன காளை அழகுதான். கறுத்த பட்டு மாதிரி மினுமினுத்தது. ஆனால் யார் உள்ளே வந்தாலும் தலையைத் தூக்கி, மூக்கை விடைத்துக்கொண்டு, மற்ற காளைகளை இடித்துத் தள்ளி மூலைக்கு ஓடியது. நான் இரண்டு முறை உள்ளே போனேன். இரண்டு முறையும் அப்படித்தான். அதே பட்டியில் இன்னொன்று இருந்தது. வளர்ச்சி எண்கள் கொஞ்சம் குறைவு, பிறப்பு எடை மட்டும் அதே அளவுக்கு நல்லது. அகன்ற வயிறு, நேரான கால்கள். நான் பக்கத்தில் போனபோது ஓர் அடி நகர்ந்து வழிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

ஃபோனில் சொன்னேன்.

"நம்பரப் பாரு புள்ள. ரெண்டுக்கும் எவ்ளோ டிஃபரன்ஸ் இருக்கு."

"நம்பர் பாத்துட்டேன் மச்சான். உள்ள போய் நின்னும் பாத்துட்டேன். சனிக்கெழமை அந்த கேட்டத் தொறந்து தனியா உள்ள போறது நான்தானே?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கோபித்துக்கொண்டாரா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை. அதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது. ஏலக்காரர் மூச்சு விடாமல் பாட்டு மாதிரி விலையை இழுத்துக்கொண்டே போனார். என் கணவர் தேர்ந்தெடுத்த காளைதான் முதலில் வந்தது. ஏலம் விடுகிற வேலி வளையத்துக்குள் வந்ததும் கம்பியில் முட்டியது. பக்கத்தில் இருந்த பண்ணைக்காரி என்னைப் பார்த்தாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். அது வேறு யாருக்கோ போனது. சாதுக் காளை வந்தபோது கை தூக்கினேன். நாங்கள் நினைத்திருந்த தொகைக்குள்ளேயே கிடைத்தது.

சிக்னல் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"எது?"

சொன்னேன்.

"சரி. நல்ல காளைதான்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல ரயிலிலிருந்து மெசேஜ் வந்தது. "நேத்து கோவம்னு நெனச்சிருப்ப. கோவம் இல்ல புள்ள. நீ சொன்னது கரெக்ட். நைட்டு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அங்க நான் இல்லாமலே எல்லாம் நடக்குது. நடக்கத்தான் வேணும். இருந்தாலும்..." அந்த இடத்தில் ரயில் சத்தம் பெரிதாகி மெசேஜ் முடிந்துவிட்டது. இருந்தாலும் என்னவென்று நான் கேட்கவில்லை.

புதிய காளையைக் கொஞ்ச நாள் தனிப் பட்டியில் வைத்துவிட்டு, வசந்தத்தில் பசுக்களோடு விட்டோம். எந்தப் பசுவின் பின்னால் போகிறது, எதற்கு முகம் திருப்புகிறது என்று வாராவாரம் அவருக்குச் சொல்வேன். இலையுதிர் காலத்தில் டாக்டர் வந்து சோதித்தபோது கிட்டத்தட்ட எல்லாமே சினையாக இருந்தன. ஒரு வருடம் என்று சொன்ன கான்ட்ராக்ட்டும் அந்தச் சமயத்தில்தான் நீண்டது. ரிமோட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கன்று ஈனும் சமயத்துக்கு, பிப்ரவரியில், அவர் லீவு போட்டு டிக்கெட் எடுத்திருந்தார். அந்த வாரம் பார்த்து டெக்சாஸில் பனிமழை பெய்து சாலையெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. விமானங்களை ரத்து செய்தார்கள். அவர் அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் மகளும் முந்தின நாளே நிலத்துக்கு வந்து, பண்ணைக்காரி வீட்டில் தங்கியிருந்தோம்.

காலையில் நாங்கள் போனபோது ஒரு கிடாரி வைக்கோலுக்கு மேல் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனை மகளிடம் கொடுத்தேன். டாக்டரைக் கூப்பிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னத் தலை ஒன்று வெளியே வந்தது. அடுத்த முக்கலில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. உடம்பெல்லாம் ஆவி பறந்தது. தாய் திரும்பி நக்கத் தொடங்கியது.

"வாப்பா! ஷீ டிட் இட் ஆல் பை ஹெர்செல்ஃப்!" என்று மகள் கத்தினாள்.

திரையில் அவர் முகத்துக்குப் பின்னால் நாற்காலிகளும், பெட்டிகளோடு போகிற ஜனங்களும் தெரிந்தார்கள். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாய் எப்படி இருக்கு?"

"நக்குது மச்சான். நல்லா இருக்கு."

"கன்னு எந்திரிக்கட்டும். பால் குடிக்கிறதக் காட்டு."

கன்று நான்கைந்து முறை விழுந்து எழுந்து மடியைக் கண்டுபிடித்தது. ஃபோனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். "படம் வேணாம், சத்தம் கேக்கணும்" என்றார். சப்புகிற சத்தம் கேட்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்கள் மரத்துப்போயின. போதுமா என்று கேட்க மனம் வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்குத்தான் அவரால் வர முடிந்தது. பெருநாள் தொழுகை முடித்து, புதுச் சட்டையோடேயே நிலத்துக்குப் போனோம். கேட்டைத் திறந்து அவர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மந்தையே ஓடிவரும். பழைய பசு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. கன்றுகள் அவரைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்து, சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தன. காளை மெதுவாக நடந்து வந்து, அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இதுக்கு நான் கெஸ்ட்" என்று சிரித்தார். தீவன வாளியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க மந்தையின் நடுவிலேயே நின்றார். பிரியாணி ஆறிப்போகிறது என்று கூப்பிட்டும் வரவில்லை.

அந்த வருடம் மகள் ஹைஸ்கூல் முடித்து ஆஸ்டினுக்குப் படிக்கப் போனாள். வீட்டில் நான் மட்டும். ஆஸ்பத்திரி வேலை எங்கேயும் கிடைக்கும். என்னைப் பிடித்து வைத்திருந்தவற்றில் மாடுகள்தான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை ஃபோனில் கேட்டேன்.

"மச்சான், எல்லாத்தையும் வித்துட்டு நான் அங்க வந்துடவா?"

"வேணாம் புள்ள" என்றார். "அதுங்க அங்க இருக்குன்னு நெனச்சுத்தான் நான் இங்க இருக்கேன். அதுவும் இல்லன்னா இந்த ரூம்ல எனக்கு என்ன இருக்கு?"

அவர் வேதனை எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல். வா என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே லாரி பிடித்திருப்பேன். "நான் வந்தா நான் இருப்பேனே மச்சான்" என்றேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், நான் வைத்துவிட்டேன்.

மறுநாள் ரயில் நேரத்தில் மெசேஜ் வரவில்லை. மத்தியானம் ஒரு விமான டிக்கெட் வந்தது. என் பெயரில், நியூ ஜெர்சிக்கு. கீழே தமிழில் தட்டச்சு செய்திருந்தார். "மாட்ட விக்க வேணாம். நீ வா. கொஞ்ச நாளுக்காவது."

மாடுகளைப் பண்ணைக்காரியிடம் விட்டுவிட்டுப் போனேன். எடிசன் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மாலையில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்கினோம். அவர் வேலைக்குப் போன பகல்களில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. சாயங்காலம் ஆறரை ரயிலுக்கு ஸ்டேஷன் வரை நடந்து போய் நிற்பேன். கூட்டத்தில் என்னைத் தேடுகிற அவர் முகத்தை, அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். அந்தச் சில நொடிகளுக்காகவே தினமும் சீக்கிரம் போனேன்.

சமைக்கும்போது எதிரே உட்கார்ந்து பேசினார். கேலி, சண்டை, ஆபீஸ் கதை, எல்லாம். காளையைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை.

திரும்பி வந்த பிறகு காளைப் பேச்சு மறுபடி வந்தது. முதல் வருடம் பிறந்த பெண் கன்றுகளில் நல்லவற்றை நாங்கள் விற்காமல் வைத்துக்கொண்டிருந்தோம். அவை பருவத்துக்கு வந்தால் அதே காளையோடு விட முடியாது, அது அவற்றின் தகப்பன். அதைப் பண்ணைக்காரி கேட்டாள். அவளுக்கே கொடுப்பதாகச் சொன்னோம். எங்களுக்குப் புதிதாக ஒன்று வேண்டும்.

இந்த முறை மார்ச் ஏலத்துக்கு அவரே வந்தார்.

பட்டிக்குள் இருவரும் சேர்ந்து நடந்தோம். அவர் கால்களைப் பார்த்தார், நான் கண்களைப் பார்த்தேன். ஒரு காளையின் முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம். நல்ல எண்கள், நல்ல நடை, நல்ல சுபாவம். பேச எதுவும் இல்லை. "இதுதான்" என்றார். "இதுதான்" என்றேன். பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, கொண்டுபோன சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றபடி ஏலம் பார்த்தோம். ஒவ்வொரு காளைக்கும் காதருகில் குனிந்து ஏதாவது சொன்னார். அவர் மூச்சு காதில் பட்டது. பாதி எனக்குக் கேட்கவே இல்லை.

எங்கள் காளை வந்தது. இரண்டு முறை கை தூக்கினார். எதிர்ப் பக்கத்துத் தொப்பிக்காரர் ஒருவரும் விடவில்லை. ஏலக்காரர் எங்களைப் பார்த்து இழுத்தார். எங்கள் வரம்புக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. நான் அவர் முழங்கையை இடித்தேன். அவர் கை முழங்காலிலேயே இருந்தது. காளை தொப்பிக்காரருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எதற்கும் கை தூக்கவில்லை. வெறும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் வந்தோம். அவர்தான் ஓட்டினார். மறுநாள் மத்தியானம் அவருக்கு ஃப்ளைட்.

"கெடாரிங்களுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும், அவசரம் இல்ல" என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, வருத்தப்படுகிற குரலில், ஆனால் முகத்தில் வருத்தம் இல்லாமல் சொன்னார்: "அக்டோபர்ல இன்னொரு சேல் இருக்கு. அதுக்கும் நான் வந்தாகணும் போலிருக்கே."

ஏன் கை தூக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. வர வேண்டியதுதான் என்றேன்.